அந்த மாணவியிடம் யார் கேட்டோம்?



2025 ஏப்ரலில், கோவை மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு தலித் மாணவி ஒருவர், மாதவிடாய் வந்ததற்காக வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுத வைக்கப்பட்டார். தாயார் எடுத்த காணொளியால்தான் அது வெளியே வந்தது. தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

தனியாக உட்கார வைக்கச் சொன்னதே தாயார்தான் என்று ஒரு விளக்கமும் வந்தது. அப்படியே இருக்கட்டும். அந்த மாணவியிடம் யாராவது கேட்டார்களா? "உனக்கு எங்கே உட்கார்ந்தால் வசதி? இது யாருக்கெல்லாம் தெரியலாம்?" என்று கேட்டிருந்தால் அவர் படிக்கட்டையா கேட்டிருப்பார்? ஊருக்கு வெளியே சேரியை வைத்த அதே தீட்டுப் புத்திதான் வகுப்பறைக்கு வெளியே அவரை வைத்தது.

நம் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. அந்தக் காணொளியைக் கோபத்தில் நானும் பகிர்ந்தேன். அவருக்கு மாதவிடாய் வந்த செய்தியை ஊருக்கெல்லாம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி என்பது பிறகுதான் உறைத்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

பள்ளிகளிடம் நாம் கேட்பது இதுதான்: மாணவியின் உடல்நலச் செய்தி, அவர் சம்மதத்தோடு, தேவைப்படுகிற ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். நாமும் அடுத்த முறை பகிர்வதற்கு முன் முகத்தையும் பெயரையும் ஊரையும் மறைப்போம். அவரிடம் கேட்டுவிட்டு அவருக்காகப் பேசுவோம்.