பறைக்கு ஓர் இருக்கை

(மட்டக்களப்புப் படுவான்கரையில், கிராமத்து நாட்டாரிசைக் கழகமொன்றின் பிற்பகல் அரங்கில், இடைவேளையின்போது ஆற்றப்பட்ட உரை)



பத்து நிமிடத்துக்கு மேற் பேசலாகாதென்பது தலைவரின் கட்டளை. நியாயமான கட்டளையே. பாட்டுக் கேட்க வந்த மக்களைப் பேச்சினால் வாட்டுவது எமது மேடைகளின் பழைய நோய். அந்நோயை இக்கழகத்துக்கும் கொண்டுவர நாம் விரும்பவில்லை.

சற்று முன்னர் முதியவர் நால்வர் இங்கே அருவிவெட்டுப் பாட்டுப் பாடினார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மூவர் அதை வாங்கிப் பாடினார்கள். அடியின் நடுவே ஓரிடத்தில் நால்வரும் மூச்சை நிறுத்தியதைக் கவனித்தீர்களா? மறதியாலோ தளர்ச்சியாலோ நேர்ந்த நிறுத்தமன்று அது. கதிரை ஒரு கை பற்ற, மறு கை அரிவாளை இழுக்கும் கணம் அது. அந்தக் கணத்திற் பாட்டு நிற்க வேண்டும். நில்லாவிடின் கை பிசகும். இவ்வரங்கில் அரிவாளும் இல்லை, கதிரும் இல்லை. ஆயினும் அந்த நிறுத்தம் மட்டும் அவர்களுடைய தொண்டையில் உயிரோடிருக்கின்றது. இன்று வெட்டு மெசின் வயலில் இறங்குகின்றது. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகின்றது. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. பகலெல்லாம் முதுகு வளைத்து நின்றவனிடம் போய், பாட்டுக்காக நீ இன்னும் குனிந்து நில் என்று சொல்வது கொடுமையன்றோ! தொழில் போனபின் அத்தொழிலின் பாட்டு எங்கே வாழும் என்பதே கேள்வி. யாழ்ப்பாணக் கடற்கரையிற் கரைவலை இழுத்தோரின் அம்பாப் பாட்டுக்கும் இதே கேள்விதான் எழுந்திருக்கின்றது. வேறு களம் ஒன்று அமையாவிடின் அதற்கு வாழ்விடமே இல்லை. இக்கழகம் போன்ற இடங்களின் தேவை அதுவே.

அதன்பின் கவி பாடிய தாய்மார் இருவரில் ஒருவர் அயலிலுள்ள முஸ்லிம் கிராமத்திலிருந்து வந்தவர். கவி என்னும் இவ்வடிவம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுச் சொத்து. கழனியில் ஒருவர் பாட, அப்பால் நின்று மற்றவர் மறுமொழி பாடிய காலம் இருந்தது. 1990ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தின் இரு சமூகத்தவரும் கண்ட இரத்தத்தையும் இழப்பையும் இங்கே விரித்துரைக்க நேரமில்லை; உரைக்காமலே அறிந்தவர்கள் நீங்கள். இன்று ஒருத்தி கேட்க மற்றொருத்தி விடை சொன்னபோது சபையில் எழுந்த சிரிப்பை நாம் கேட்டோம். அச்சிரிப்புக்கு உரை எழுதத் தேவையில்லை.

நாட்டார் கலை படியாதவர் கலை என்று கருதும் படித்தவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கின்றார்கள். அவர்களுக்குச் சிலவற்றை நினைவூட்டலாம். தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை அச்சேற்றினார். 1956இல் சரச்சந்திரர் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றியபோது, சிங்கள மக்களின் நாடகம என்னும் கூத்து வடிவிலிருந்தே அதனை ஆக்கினார். அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்தோடு பிணைந்தது. அயலவர் எமது கூத்தின் கிளையொன்றை எடுத்துப் பெருமை பெற்ற காலத்தில், எமது நகரத்தார் பலர் மூலமரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மாணவரைக் கொண்டு ஆடுவித்தார். விடியுமட்டும் ஆடுவது சுருங்கி, நகர மேடைக்கு ஏறியது. அதனாற் கூத்துக்கு மதிப்புப் பிறந்தது என்பது உண்மை.

ஆனாற் சுருக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. வட்டக்களரியில் ஒரு கூத்து ஏறுமுன் நடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். அண்ணாவியார் ஆளுக்கேற்பச் சட்டம் கொடுப்பார். சதங்கை அணிதல் நடக்கும். கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கிற் செல்லும். அரங்கேற்றம் அதற்குப் பின்னரே. அந்த மாதங்களில் ஊர் முழுவதும் பாட்டைக் கற்றுவிடும். ஆடுபவன் அடி தவறினாற் பாயிலிருக்கும் கிழவி திருத்துவாள். ஒரு மணி நேரக் கூத்துக்குப் பார்வையாளர் கிடைப்பர், திருத்தும் கிழவி கிடைக்கமாட்டாள். ஆகையால் ஆண்டுக்கு ஒரு கூத்தையேனும் முழு இரவும் ஆடுவிக்குமாறு கழகத்தாரை வேண்டுகின்றோம். தேநீர்ச் செலவை உத்தியோகத்தர்கள் ஏற்கட்டும். அது அவர்களால் ஆகாத காரியமன்று.

இனி, நாம் பேசவந்த முக்கிய விடயம்.

இடைவேளைக்குப்பின் பறைமேளம் என்று நிகழ்ச்சி நிரலிற் கண்டிருப்பீர்கள். நிரல் முதலில் அவ்வாறு இருக்கவில்லை. விருந்தினரை வாசலில் வரவேற்கப் பறையும், மேடைக்கு மற்றவையும் என்றே முதலில் எழுதப்பட்டிருந்தது. கழகத்தின் இளைஞர் சிலர் மறுத்துப் பேசினர். இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. பறை வாசலில் நிற்பதே வழக்கம் என்றார் ஒரு பெரியவர். வழக்கம் என்பது உண்மை. எவருடைய வழக்கம் என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. கோயிலிற் சடங்குக்குப் பறை வேண்டும். பிணம் போகையிலும் பறை வேண்டும். பறையடித்தவன் மட்டும் திண்ணைக்கு ஏறலாகாது. இதுவன்றோ அவ்வழக்கத்தின் முழு வடிவம்?

பறைமேளக் கூத்துக்கு இந்த மண்ணில் நுணுக்கமான தாளக்கட்டுகள் உண்டு. பறையும் தம்பட்டமும் கேள்வியும் மறுமொழியுமாய் முழங்க, சொர்ணாளி அவற்றின்மேல் ஏறிப் பாட, அடிப்பவரே ஆடுபவராயும் மாறுவர். இத்தகைய வித்தையை அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று தொடுவதில்லை. கலை அழிகின்றதே என்று நகரத்து அறிஞர் அழுகின்றனர். அப்பிள்ளைகள் பக்கம் நின்று பாருங்கள். தகப்பன் ஊராரால் எப்படி விளிக்கப்பட்டான் என்பதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். சாவீட்டுக்கு வா என்ற கட்டளைக்கு மறுப்புச் சொல்ல உரிமையின்றித் தகப்பன் தலைகுனிந்து சென்றதைக் கண்டவன். பள்ளிக்குச் சென்று படித்து ஓர் உத்தியோகம் பெற்றபின், பறையைத் தொடேன் என்று அவன் சொன்னால், அதனைக் குற்றமென்று தீர்ப்பளிக்க எவருக்கு யோக்கியதை உண்டு? உன் மரபைக் காப்பாற்று என்று அவனுக்கு உபதேசம் செய்பவர்களிடம் நாம் ஒன்று கேட்கின்றோம்: உங்கள் மகனைப் பறை பழக அனுப்புவீர்களா?

அனுப்பலாம் என்பதே எமது துணிபு. மத்தளத்தைப் பல குடியினரும் பழகுகின்றனர். பறையை மட்டும் பிறப்போடு கட்டிவைத்திருப்பதே அதன் நோய். பழக விரும்பும் எப்பிள்ளைக்கும் பறை பழக்கப்படட்டும். பழக்குபவர் ஆசிரியர் என்று அழைக்கப்படட்டும். நீர் என்றும் அவர் என்றும் மரியாதைச் சொல் வாயில் வரட்டும். நகரத்திலிருந்து சங்கீதம் பாட வருபவருக்கு உறையிலிட்டுக் கொடுக்கும் தொகை எதுவோ, அதே தொகை பறையாசிரியருக்கும் உறையிலிட்டே கொடுக்கப்படட்டும். நெல்லளந்து முற்றத்திற் கொட்டிய காலம் போதும். விருப்பமில்லாதவனை அழைக்காதீர்கள், சாவீட்டுக்கு வர மறுப்பவனோடு வழக்காடாதீர்கள். மறுக்கும் உரிமையுள்ளவன் மேடையேறும்போதுதான் அவன் கலைஞன்.

இவ்வளவும் செய்தாற் பறை பிழைத்துவிடும் என்று உறுதி கூற எம்மால் இயலாது. ஒரு தலைமுறை விட்டுப்போன இடத்தில் தாளக்கட்டுகள் சில ஏற்கெனவே மறைந்திருக்கக்கூடும். இருப்பதை ஒலிப்பதிவு செய்யும் வேலையை இன்று பிற்பகலே தொடங்கலாம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். பதிவின் தலைப்பில் அடிப்பவரின் பெயரை, அவர் சொல்லும் வடிவில், எழுதுங்கள். அவர் சம்மதமின்றி எங்கும் அனுப்பாதீர்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். மேடையின் நடுவே ஆறு நாற்காலிகள் போட்டாயிற்று. பறையின் வாரை இறுக்கி முடித்துவிட்டார்கள். ஆசிரியர் அவர்களை மேடைக்கு அழைத்து, நாம் இறங்குகின்றோம்.