கேட்டுப் படிக்கட்டும் நம் பிள்ளைகள்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சபுரிலிருந்து வாப்பாமார்கள் கொண்டுவந்த எம்பி3 பிளேயரும் பழைய செல்போனும் நம் வீடுகளில் பொழுதுபோக்குக்கே பயன்படுகின்றன. அவற்றில் பாடமும் படிக்கலாம். 2004இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்கு ஐபாட் என்ற கையடக்க ஒலிக்கருவியை வழங்கியது. நம் மாநிலத்தில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு உண்டு. செல்போனில் ஸ்கேன் செய்தால் காணொளிப் பாடம் பார்க்கலாம்.

ஆனால் ஒலிப்பதிவும் காணொளியும் பாடத்தைச் சொல்லுமே தவிர, பிள்ளையின் பிழையைத் திருத்தாது. மதரஸாவில் பிள்ளை ஓதுவதை உஸ்தாத் கேட்டுத் திருத்துகிறார் அல்லவா? அதேபோல, பிள்ளை ஆங்கிலப் பாடத்தைக் கேட்டு, தானும் வாசித்துப் பதியட்டும். ஆசிரியர் அதைக் கேட்டுத் திருத்தட்டும். கூச்சத்தால் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் இன்ஷா அல்லாஹ் பேசத் தொடங்கும்.

உம்மாமார்களே, மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.