பூச்சி மருந்தும் இளைத்த பிள்ளையும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் பூச்சி மருந்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று கிராணிமார்கள் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும். சம்பளம் எதற்கு? பிள்ளை பிழைக்கத்தானே!

நான் லயத்தில் பிறந்தவன். என் தங்கைக்கு இரண்டு வயதில் கால் வீங்கிற்று, வயிறு உப்பிற்று. "பூச்சி வயிறு" என்றார்கள். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கினார்கள். இரண்டு பூச்சி விழுந்தது உண்மை. மூன்றாம் நாள் தங்கையும் போய்விட்டாள். என் தாயார் மீது குறையில்லை. அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று யாருமில்லை. பல ஆண்டு கழித்து ஒரு டிரெசர்தான் எனக்கு விளக்கினார்: பூச்சி இருந்தது, ஆனால் கால் வீங்கியது சத்துக் குறைவினால்.

அந்த நோய்க்குக் குவாஷியோர்க்கர் என்று பெயர். தங்கக் கரை என்ற இன்றைய கானாவில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் கண்டு 1930களில் எழுதினார். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அந்நாட்டார் சொல்லின் பொருள். அவர் பிறகு மலாயாவுக்கும் வந்தார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டப்பாப் பாலை விற்றவர்களை 1939-இல் சிங்கப்பூரில் வன்மையாகச் சாடினார்.

அப்படியானால் பூச்சி மருந்தே வேண்டாமா? வேண்டும். வேளைதான் பார்க்க வேண்டும். மிக இளைத்த பிள்ளைக்கு இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கும், உடல் குளிரும், காய்ச்சல் தெரியாமலே கிருமி உள்ளே வேலை செய்யும். முதலில் சர்க்கரைத் தண்ணீர், கதகதப்பு, கிருமிக்கு மருந்து, இரவு பகலாகச் சிறுகச் சிறுகப் பால். பேதி மருந்து இருக்கிற நீரையும் உப்பையும் வாரிக்கொண்டு போகும். பிள்ளை தேறி, பசித்து உண்ணத் தொடங்கிய பிறகே பூச்சி மருந்து என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டுக் கைநூல் கூறுகிறது. இரும்புச் சத்து மருந்தும் அப்படியே. அல்பெண்டசோல் என்றால் இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் 200. அதற்கும் குறைந்த பிள்ளைக்குக் கொடுப்பதில்லை.

கொக்கிப்புழு வெறுங்கால் வழியே ஏறிக் குடலில் இரத்தம் குடிப்பது. அதை ஆராயவே 1915-17இல் ராக்பெல்லர் அறநிதியின் குழு மலாயாவுக்கும் வந்தது. மாத்திரை போட்டும் கக்கூஸ் இல்லையானால் அதே மண், அதே புழு! ஆகவே கக்கூசும் நல்ல தண்ணீரும் கேட்பது சங்கத்தின் வேலைதான்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். பிள்ளையின் இரு புறங்காலையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். குழி நின்றால், விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தொடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு பதினொன்றரை செண்டிமீட்டருக்குக் குறைந்தாலும் அப்படியே. அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். வண்டி தராவிட்டால் கிளைச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், இரவானாலும்.