காரின் மஞ்சள் விளக்கு



காரில் மஞ்சள் நிற இயந்திர விளக்கு எரிந்தவுடன் விற்பனை முகவரின் கராச்சுக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். அங்கே முதலில் செய்வதென்ன? ஸ்ரியறிங்குக்குக் கீழேயுள்ள பதினாறு முனைச் செருகியில் ஒரு கருவியை மாட்டிக் குறியீட்டை வாசிப்பதுதான். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்கு இச்செருகி கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 2001 முதல் பெற்றோல் கார்களுக்கு. கைத்தொலைபேசியுடன் இணையும் சிறு கருவியால் நாமே வாசிக்கலாம். யப்பானிலேயே விற்பதற்கெனச் செய்த பழைய கார்கள் சில மட்டும் இக்கருவிக்கு வாய் திறக்கமாட்டா.

ஆனால் ஒன்று. குறியீடு நோவைச் சொல்லும், நோயைச் சொல்லாது. பி 0171 என்றால் கலவையில் காற்று கூடி, பெற்றோல் குறைந்துள்ளது என்பதே பொருள். உடனே ஒட்சிசன் உணரியை விலைகொடுத்து மாற்றுவோர் பலர். வெடித்த இறப்பர்க் குழாயொன்றினூடாகக் காற்று புகுந்திருக்கலாம் அல்லவா? இயந்திரம் ஆறியபின் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். பி 0455 வந்தால் பெற்றோல் தாங்கியின் மூடியை முதலில் இறுக்குங்கள். காரணத்தைத் தேடாமல் குறியீட்டை அழித்தால் விளக்கு மீண்டும் எரியும்.

மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியைப் பழுதாக்குகிறது என்று கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்துங்கள்.

சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தாலோ கருவியைத் தேடவே வேண்டாம். ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்தி, சற்றுப் பொறுத்து எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் போதியளவு இருந்தும் விளக்கு எரியுமாயின், காரைக் கட்டியிழுத்துக் கொண்டுபோவதே வழி.