கணினி மாறட்டும், கணக்கு நிலைக்கட்டும்
(மேனாம்பேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் மேனாம்பேடு முன்னர் அம்பத்தூர் நகராட்சியைச் சேர்ந்திருந்தது. 2011-ல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. நிர்வாகம் மாறினாலும் வரிக் கணக்கும் பிறப்பு இறப்புப் பதிவும் அழியலாகாது. அவை தொலைந்தால் அலைபவர்கள் குடிமக்களே. காரியாலயக் கணினிகளை மாற்றும்போதும் இதை நாம் மறக்கலாகாது.

விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. ஆகவே பழைய இயந்திரங்கள் பலவற்றை மாற்றியாக வேண்டும். அதற்குமுன் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, கோப்புகளுக்கு இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைப்போம்.

இரண்டாவது, தமிழக அரசு 2010-ல் ஒருங்குறியை ஏற்குமுன் பலவகை எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வந்தோம். அவ்வெழுத்துரு இல்லாத புது இயந்திரத்தில் அக்கோப்புகள் வெறும் கிறுக்கலாகத் தோன்றும். பழைய இயந்திரம் ஓடும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மூன்றாவது, நகல்கள் திறக்கின்றனவா என்று சோதித்த பின்னரே பழைய வட்டை முற்றிலும் அழித்து, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது பெறுவோம்.

பழைய பத்தாயத்தைப் பிரிக்குமுன் விதைநெல்லைப் பத்திரப்படுத்துவது உழவர் வழக்கம். நாமும் அவ்வாறே செய்வோமாக!