உப்பளத்துச் செந்நீர்

(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் உரை)



உப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்துள்ளோம். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம்மவர் பழமொழி. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்டது உப்பின் சுவையன்று. உப்பு உயிரைக் கொல்லுமா, வளர்க்குமா என்பதே நமது வினா. வீட்டிலே கேட்டால், “உப்புப் போட்டால் பழுதாகாது” என்று உடனே விடை வரும். ஊறுகாயும் கருவாடும் அதற்குச் சாட்சி. அவ்விடை பாதி உண்மை. மற்றப் பாதியைத் தேடி நாம் உப்பளம் வரை போகவேண்டியிருக்கிறது.

முதற் பாதி எளிது. உயிர்க்கலம் ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வினால் மூடப்பட்ட நீர்ப்பை போன்றது. வெளியே உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் நீர் சவ்வின் வழியே வெளியேறும், கலம் சுருங்கும், அதன் வேலைகள் நின்றுபோகும். இதனைப் பிரசாரணம் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். வெட்டிய மாங்காய்த் துண்டிலே உப்பைத் தூவிச் சற்றுப் பொறுத்துப் பார்த்தால் நீர் கசிந்து நிற்குமே, அதுவும் இதுவே. மீனை அழுகவைக்கும் சாதாரணப் பற்றீரியாக்கள் இவ்வாறுதான் உப்பிலே அடங்கிப்போகின்றன.

அப்படியாயின் கடல் உயிரற்றுக் கிடக்கவேண்டுமன்றோ? ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஆயினும் கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலீற்றரை எடுத்து எண்ணினால் 10 இலட்சம் என்ற அளவிலே பற்றீரியாக்கள் இருக்கும். ஆற்றுநீரிலும் எண்ணற்ற பற்றீரியாக்கள் உண்டு. ஆனால் அவை வேறு, இவை வேறு. வட ஐரோப்பாவிலுள்ள போல்ற்றிக் கடல் இதற்கு நல்ல உதாரணம். அதன் வடகோடியில் நீர் ஏறத்தாழ நன்னீர். டென்மார்க்கை நோக்கி வரவர உவர்ப்பு ஏறுகிறது. ஆராய்ச்சியாளர் இடத்துக்கிடம் நீர் எடுத்துச் சோதித்தபோது, உவர்ப்பு மாறமாறப் பற்றீரியாக் கூட்டங்களும் மாறுவதைக் கண்டனர். 2007 இல் லொசுப்போன், நைற் என்னும் இருவர் உலகின் பலவகைச் சூழல்களிலும் கிடைத்த பற்றீரியாக்களின் மரபுத் தகவல்களை ஒருங்கே வைத்து ஒப்பிட்டனர். கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபாட்டை உண்டாக்குவதில் வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் விட உவர்ப்பே முதலிடம் பெறுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் யாழ்ப்பாணக் கடல்நீரேரி மாரியிலே மழைநீர் கலந்து இளகியும், கோடையிலே வற்றிக் கடுத்தும் போவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அதனுள் வாழும் கண்காணாக் குடிகளும் ஆண்டு முழுவதும் ஒரே குடிகளாக இருத்தல் அரிது.

இனி உப்பளத்துக்கு வருவோம். ஆனையிறவிலோ புத்தளத்திலோ உப்பளத்தைக் கண்டவர்கள், நீர் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றப்படுவதைக் கவனித்திருப்பர். முதற் பாத்திகளில் மீனும் இறாலும் திரியும். நீர் ஐந்தில் ஒரு பங்களவுக்குக் குறுகும்போது கல்சியம் சல்பேற்று அடியிலே படியத் தொடங்குகிறது. அங்கே மீன் இல்லை. பத்தில் ஒரு பங்களவாகும்போது நாம் உண்ணும் உப்புப் பளிங்காகிறது. இந்தக் கடைசிப் பாத்திகளில் எதுவும் உயிரோடிராது என்றுதான் எவரும் நினைப்பர். அங்கேயோ நீர் இளஞ்சிவப்பாகவும் சில வேளை குருதி போலவும் நிற்கிறது. ‘அழுக்கு நீர்’ என்று முகஞ்சுளிப்பவரும் உண்டு. அது அழுக்கன்று. அத்தனையும் உயிர்.

பிரான்சு தேசத்தின் தெற்கே மொன்பெலியே உப்பளங்களில் இச்சிவப்பைக் கண்ட தூனால் என்பவர், நுண்ணிய அல்காவே அதற்குக் காரணம் என்று 1838 இல் எழுதினார். அவர் பெயராலே துனலியெல்லா என்று அந்த அல்கா இப்போது வழங்குகிறது. இரு சவுக்குகளால் நீந்தும் ஒற்றைக் கலம் அது. வெளியே உப்பு ஏறஏறத் தன்னுள்ளே கிளிசரோலை உண்டாக்கி நிரப்பிக்கொள்ளும். ஆகையால் அதன் நீர் வெளியே ஓடிவிடுவதில்லை. வெயிலின் கொடுமைக்குக் குடையாகக் கரோட்டீனைச் சேர்த்து வைத்திருக்கிறது. கரட் கிழங்குக்கு நிறந்தரும் அதே பொருள்.

ஆனால் உப்பு விளையும் பாத்தியின் செந்நிறத்துக்குப் பெரும்பாலும் காரணம் மற்றொரு கூட்டம். பார்வைக்குப் பற்றீரியா போலத் தோன்றினும் அவை பற்றீரியாக்கள் அல்ல. 1977 இல் கார்ல் வூஸ், ஜோர்ஜ் பொக்ஸ் என்போர் தனிக்குலமாகப் பிரித்துக் காட்டிய ஆர்க்கியாக்களைச் சேர்ந்தவை. இவற்றின் உபாயம் வேறு. வெளியுப்புக்கு ஈடாகப் பொற்றாசிய உப்பையே உள்ளே நிரப்பிக்கொள்கின்றன. இவற்றின் புரதங்கள் உப்பிருந்தாலன்றி உருக்குலைந்துபோகும். நன்னீரிலே இட்டால் கலம் வெடித்துச் சாகும்! நமக்கு உயிர் தரும் நன்னீர் இவற்றுக்கு நஞ்சு. எவ்வுயிரும் இல்லையென்று பெயர்பெற்ற சாக்கடலிலே நுண்ணுயிர் உண்டென்று வொல்கானி என்னும் அறிஞர் 1936 இல் அறிவித்தார். 1980 இல் வால்ஸ்பி என்பவர் சீனாய் தீபகற்பத்து உப்புக்குட்டை ஒன்றிலே தபால் முத்திரை போலத் தட்டையாகச் சதுரமான உயிரொன்றைக் கண்டார். அதனை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுக்க 2004 வரை செல்லவேண்டியிருந்தது.

உப்பளத் தொழிலாளிக்கு இச்சிவப்பு நண்பன். செந்நீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சூடேறும், ஆவியாதல் விரைவுபடும், உப்பு முந்தி விளையும். கருவாடு போடுகிறவருக்கோ அதே உயிர் பகைவன். வெயிலில் விளைந்த உப்புப் பளிங்கின் உள்ளே அகப்பட்ட சிறுநீர்த்துளியில் இது உயிரோடு தங்கியிருக்கும். அவ்வுப்பை மீனிலே தடவி, அரைகுறையாய்க் காயவைத்து, புழுக்கமான கொட்டிலில் அடுக்கிவிட்டால் சில நாளில் கருவாட்டின்மேல் செந்நிறப் படலம் படர்ந்து துர்நாற்றம் வீசும். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு அங்கே போய்விடுகிறது. “உப்புக் குறைந்துவிட்டது” என்று மறுமுறை அதே உப்பை இன்னும் அள்ளிப்போட்டால் பயனில்லை. பகைவனுக்கு விருந்து வைத்ததாகவே முடியும். இக்கேடு நமக்கு மட்டும் உரியதன்று. உப்பிட்ட கொட் மீன் சிவப்பதைப் பற்றிக் கனடாவில் ஹாரிசன், கெனடி என்போர் 1922 இலேயே ஆராய்ந்து எழுதியுள்ளனர். உப்பை நன்றாகச் சூடேற்றிப் பயன்படுத்துதல், மீனை முற்றாக உலர்த்துதல், குளிர்ந்த ஈரமற்ற இடத்தில் வைத்தல் ஆகியவையே வழி. செந்நிற உயிர் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை. ஆயினும் அது படர்ந்த கருவாட்டைக் கழுவி விற்பதை நாம் ஆதரிக்கமாட்டோம். ஈரத்திலும் புழுக்கத்திலும் கிடந்த மீனிலே வேறு என்னென்ன வளர்ந்திருக்கும் என்று கண்ணால் அறிய முடியாது.

உப்பை ஓரளவுக்கு விரும்பும் பற்றீரியாக்களிற் சில மனிதரைக் கொல்லவும் வல்லவை. 1950 இல் யப்பானின் ஒசாக்காப் பகுதியில் சிராசு என்னும் உலர்த்திய சிறுமீனை உண்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தனர். காரணமான விப்பிரியோ வகையைப் பேராசிரியர் புஜினோ கண்டுபிடித்தார். கடல்நீரளவு உப்பிலே அது செழித்து வளரும். நன்னீரில் நெடுநேரம் தாங்காது. கடல்நீரில் அலசிய மீனே சுத்தம் என்று எண்ணுவோர், அதனை வீட்டிலே நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிக்கொள்வது நன்று. நன்றாக வேகவைத்தும் உண்ணவேண்டும்.

ஸ்பெயின் தேசத்து அலிகாந்தே நகருக்கு அருகே சாந்தா போலா உப்பளம் உண்டு. அங்கு கிடைத்த ஆர்க்கியாவொன்று உப்பு மாற்றத்துக்கு ஏற்பத் தன் மரபுப்பொருளை எப்படி இயக்குகிறது என்று மொகிக்கா என்னும் இளைஞர் ஆராய்ந்தார். அதில் ஒரே எழுத்துவரிசை இடைவெளி விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு 1993 இல் வெளியிட்டார். வைரசை எதிர்க்கும் ஆயுதச்சாலை அதுவென்று பின்னர் விளங்கிற்று. அதிலிருந்தே இன்று மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் முறை பிறந்தது. 2020 இல் அதற்காக நோபல் பரிசு பெற்ற இருவரில் மொகிக்கா இல்லை. அது நமக்குச் சற்று மனத்தாங்கலே.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. வரும் கோடையில் உப்பளத்தாரிடம் அனுமதி பெற்று ஒரு சிறு போத்தலில் செந்நீர் எடுத்துவாருங்கள். பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு துளியை வைத்தால் துனலியெல்லா நீந்துவது தெரியும். பின்பு கண்ணாடித் தகட்டின் ஓரத்திலே ஒரு துளி கிணற்றுநீரை விட்டு, கலங்கள் வீங்குவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருங்கள்.