செய்தியை முடித்துவைக்கும் நொதிகள்



பசுமலை நெடுங்காலமாகக் கல்வி வளர்த்த ஊர். மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கப்பட்டது இங்கேதான். இந்த ஊரில் கூடும் கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் வாய்ப்பளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

இரைப்பையின் ஹார்மோன்கள் எப்படிச் சுரக்கின்றன என்று நாம் நிறையப் படித்திருக்கிறோம். சுரந்த ஹார்மோன் எப்படி ஓய்கிறது என்பதற்கு நம் பாடநூல்கள் சில வரிகளே ஒதுக்குகின்றன. அந்தக் குறையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் இருப்பதாக எட்கின்ஸ் அறிவித்தது 1905-இல். கிரிகரியும் டிரேசியும் அதைத் தூய நிலையில் பிரித்தது 1964-இல். அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் அதன் ஆற்றல் முழுவதும் ஈற்றிலுள்ள நான்கு அமினோ அமிலங்களில் அடங்கியிருக்கிறது. வேலை முடிந்தபின் அதைச் சிதைக்காவிட்டால் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். பன்றியின் இரைப்பையிலிருந்து பெற்ற ஒரு சவ்வு நொதி காஸ்ட்ரினையும் கோலிசிஸ்டோகைனினையும் வெட்டுகிறது என்று பன்னட், டர்னர் முதலானோர் 1988-இல் காட்டினர். துத்தநாகம் தாங்கிய அந்த நொதியின் பெயர் நெப்ரிலைசின். செல்லின் வெளிப்புறத்தில் நின்று, வந்து சேரும் பெப்டைடுகளை அது அறுக்கிறது. இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் சாக்குபிட்ரில் தடுப்பதும் இதே நொதியைத்தான். ஆகவே இது மருத்துவமனை வரை நீளும் கேள்வி.

இரைப்பை சுரக்கும் பசி ஹார்மோன் கிரெலின். 1999-இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தது. இருபத்தெட்டு அமினோ அமிலங்களில் மூன்றாவதாக நிற்கும் செரினில் எட்டுக் கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் ஒட்டியிருந்தால்தான் அது பசியைத் தூண்டும். அந்தக் கொழுப்பு அமிலத்தைக் கழற்றும் நொதி ஒன்றை எலியின் இரைப்பையிலேயே 2004-இல் இனங்கண்டனர். மனித இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்பதும் அதே ஆண்டில் தெரியவந்தது.

இந்த நொதியின் கதை தமிழ்நாட்டோடு நெருங்கியது. ஆரிய வைசிய சமூகத்தில் சிலருக்கு இது மிகக் குறைவு. அறுவைக்கு முன் தசை தளர்த்தத் தரும் சக்சினில்கோலினைச் சிதைப்பதும் இந்த நொதியே; அதனால் அம்மருந்து சில நிமிடங்களில் தெளிய வேண்டும். இவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது, செயற்கைச் சுவாசம் தர வேண்டியிருக்கும். நொதியின் 307-ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் வந்ததே ஒரு காரணம் என்று கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூபதியும் அவரோடு ஆய்ந்தோரும் 2006-இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டு ஆய்வகம் உலகுக்கு அளித்த அறிவு அது.

இங்கிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. ஒன்று மருத்துவர்களுக்கு. அச்சமூகத்தில் பலருக்கு இக்குறை இல்லை. பிற சமூகத்தாருக்கும் இருக்கலாம். எனவே சாதியைக் கேட்டு முடிவுக்கு வராமல், ஐயம் எழும் இடத்தில் இரத்தத்தில் நொதியை அளந்து பாருங்கள். மற்றொன்று ஆய்வாளர்களுக்கு. இந்த நொதி இல்லாதவர் உடலில் கிரெலின் எவ்வளவு நேரம் நிலைக்கிறது, இரைப்பையின் நொதிகள் அந்த வேலையை எந்த அளவுக்கு ஈடுசெய்கின்றன, பசியும் உடல் எடையும் எப்படி அமைகின்றன என்று ஆராயுங்கள். அவர்களது முழு ஒப்புதலோடும், முடிவுகளை அவர்களுக்கே முதலில் சொல்லும் நேர்மையோடும் அந்த ஆய்வு நடக்கட்டும்.

இளைய ஆய்வாளர்களே, ஒரு ஹார்மோனின் அளவைக் குறிக்கும்போதெல்லாம் அதைச் சிதைக்கும் நொதியையும் சேர்த்து அளவிடுங்கள். இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.